போக்கருக்குப் புளியங்கொட்டை போதும்

போக்கர் விளையாட ஒரு சீட்டுக்கட்டு இருந்தால் போதும் என்று நினைத்து உட்காருகிறவர்களுக்குப் பத்தே நிமிஷத்தில் உண்மை தெரிந்துவிடும். ரம்மிக்கு ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் பாயின்ட் எழுதிக்கொண்டே ராத்திரி முழுக்க ஓட்டலாம். கழுதைக்கு அதுவும் வேண்டாம். போக்கர் அந்த ரகம் இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் எதையாவது எடுத்து நடுவில் தள்ள வேண்டும். கையில் ஒன்றுமே இல்லாதவன், ராஜா ஜோடி வைத்திருக்கிறவனைப் பயமுறுத்திச் சீட்டைக் கீழே போட வைப்பதுதான் அந்த விளையாட்டின் சாரமே. அவன் பயப்பட வேண்டும் என்றால் அவனிடம் இழப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும் இல்லையா?

அந்த 'ஏதாவது' என்ன என்பதுதான் கேள்வி.

பசுமலையில் வாடகை வீட்டில் இருக்கும் ஐந்தாறு கல்லூரிப் பையன்களுக்கு சனிக்கிழமை ராத்திரி இந்த ஆசை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் செல்போனை எடுத்துத் தேடுவார்கள். அலுமினியப் பெட்டி ஒன்று வரும். உள்ளே ஐந்நூறு சிப், இரண்டு சீட்டுக்கட்டு, 'டீலர்' என்று எழுதிய வெள்ளை வில்லை. ஒரு சிப் 11.5 கிராம் என்று பெருமையாகப் போட்டிருக்கும். கணக்குப் பார்த்தால் சிப் மட்டுமே ஐந்தே முக்கால் கிலோ! பிளாஸ்டிக்குக்கு நடுவில் ஒரு இரும்பு வில்லையை வைத்து எடை ஏற்றியிருப்பார்கள். கையில் எடுத்தால் கனமாக, விலையுயர்ந்த சாமான் மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காக. 2003-ல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்க அக்கவுண்டன்ட் உலகப் போக்கர் போட்டியில் ஜெயித்த பிறகு ஆளாளுக்கு வீட்டில் போக்கர் ஆட ஆரம்பித்தார்கள். (ஆமாம், நிஜப் பெயரே மணிமேக்கர்தான்!) இந்தப் பெட்டி வீட்டுக்கு வீடு நுழைந்ததும் அப்போதுதான்.

அந்தப் பெட்டியை வாங்க வேண்டாம். காசு மிச்சம் என்பது மட்டும் காரணம் இல்லை. இன்னொரு காரணம் இருக்கிறது, அதற்குக் கொஞ்சம் கழித்து வருவோம். முதலில் வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கலாம்.

தீப்பெட்டியில் இருந்து ஆரம்பிப்பார்கள் எல்லோரும். சிவகாசி பக்கத்திலேயே இருக்கிறது, குச்சிக்கா பஞ்சம்? ஆனால் தீக்குச்சிக்கு ஒரு பெரிய குறை: உடைத்தால் இரண்டாகிவிடும். உட்கார்ந்த இடத்திலேயே கள்ள நோட்டு அடிக்கலாம். மிட்டாய் வைத்து ஆடுகிறவர்களும் உண்டு. கடலை மிட்டாய் வைத்து ஆடினால் ஜெயிக்கிறவன் தின்றுவிடுவான், தோற்கிறவனும் தின்றுவிடுவான், அரைமணி நேரத்தில் வங்கி திவால். சோழி அழகாக இருக்கும், ஆனால் ஆறு பேருக்குத் தேவையான அளவு எந்த வீட்டிலும் இருக்காது. அது போக சோழி ஒரு காலத்தில் நிஜப் பணம்! மாலத்தீவில் இருந்து வங்காளத்துக்கும் மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் கப்பல் கப்பலாகப் போய்க் காசாகவே புழங்கியது.

மிஞ்சுவது புளியங்கொட்டை. இதில்தான் நம்மூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பல்லாங்குழிக்கும் அதுதான், தாயத்துக்கும் அதுதான். தாயம் ஆட எந்த அப்பத்தாவாவது புளியங்கொட்டையைத் தயார் செய்ததைப் பார்த்திருக்கிறவர்களுக்குத் தெரியும்: சிமென்ட் தரையிலோ அம்மிக்கல்லிலோ ஒரு பக்கத்தை மட்டும் தேய் தேய் என்று தேய்ப்பார்கள். கறுப்புத்தோல் போய் உள்ளே இருக்கும் வெள்ளை தெரியும். தாயத்தில் வெள்ளை மேலே விழுந்ததா கறுப்பு விழுந்ததா என்று எண்ணுவதற்காகச் செய்தது அது. போக்கருக்கு அதே வேலை மூன்று நன்மை செய்கிறது. ஒன்று, தட்டையான பக்கம் கீழே போவதால் கொட்டை உருளாது. இரண்டு, எண்ணுவதற்குச் சுலபம். மூன்றாவதுதான் முக்கியம். புளியங்கொட்டை எல்லா அடுப்படியிலும் கிடைக்கும் என்பதால், தண்ணீர் குடிக்கப் போகிற மாதிரி போய் நாலு கொட்டையை எடுத்து வந்து கலந்துவிட்டால் யாருக்குத் தெரியும்? தேய்த்த கொட்டை என்றால் தெரிந்துவிடும். தேய்த்து முடித்ததும் வெள்ளைப் பக்கத்தில் நகப் பாலீஷால் ஒரு புள்ளி வைத்துவிட்டால் ரிசர்வ் வங்கியின் பாதுகாப்பு இழைக்குச் சமானம். வெயிலில் நன்றாகக் காயவைத்து மூடி போட்ட பாட்டிலில் வைக்க வேண்டும், இல்லையென்றால் வண்டு துளைத்துவிடும்.

(குன்றிமணி சிவப்பும் கறுப்புமாக ஜோராக இருக்கிறதே, அதை வைத்துக்கொள்ளலாமே என்று யாராவது கேட்டால் வேண்டவே வேண்டாம். அது விஷ விதை. குழந்தைகள் இருக்கும் வீட்டில் கடித்து வைத்தால் வினையாகிவிடும். சிவப்பு வேண்டும் என்றால் மஞ்சாடி விதை நல்லது.)

ஆனால் ஒரே மதிப்பில் கொட்டையை மட்டும் வைத்து ஆடினால் எண்ணியே விடிந்துவிடும். இரண்டாவது மதிப்புக்குச் சட்டைப் பட்டன். எந்த வீட்டிலும் ஒரு பழைய பிஸ்கெட் டப்பாவில் பட்டன் கிடக்கும். ஒரே மாதிரி வேண்டும் என்றால் விளக்குத்தூண் பக்கம் தையல் சாமான் விற்கும் கடையில் குரோஸ் கணக்கில் வாங்கலாம். ஒரு குரோஸ் 144. கோட்டுக்குத் தைக்கும் பெரிய பட்டனாகப் பார்த்து வாங்கினால் விரலுக்கு நன்றாக இருக்கும். மூன்றாவது மதிப்புக்குத்தான் இருக்கவே இருக்கிறது கேரம் காய்! வில்லை 3 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிக விட்டம், ஐந்து கிராமுக்குக் குறையாத எடை, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கலாம். காசினோ சிப்புக்கு இதைவிடக் கிட்டத்தில் ஒரு பொருள் தமிழ்நாட்டு வீடுகளில் கிடையாது.

இப்போது கணக்கு. ஆறு பேர். கொட்டை ஒன்றுக்கு 1, பட்டன் 5, கேரம் காய் 20 என்று வைத்துக்கொண்டால், ஆளுக்கு 30 கொட்டை, 10 பட்டன், 1 கேரம் காய். மொத்தம் நூறு. சின்ன பிளைண்ட் 1, பெரிய பிளைண்ட் 2 என்று தொடங்கினால் ஐம்பது மடங்கு கையில் இருக்கிறது, தாராளம். ஆறு பேருக்கும் சேர்த்து 180 கொட்டை, 60 பட்டன், 6 காய். ஒரு மணி நேரம் கழித்து பிளைண்ட் ஏறியதும் கொட்டைக்கு வேலை இல்லாமல் போகும். அப்போது 180 கொட்டையையும் திரும்ப வாங்கிக்கொண்டு 9 காய் கொடுத்துவிட வேண்டும். மொத்தம் 15 காய். ஒரு கேரம் செட்டில் கறுப்பும் வெள்ளையும் சேர்த்து 18. கச்சிதமாக முடிகிறது! சிவப்பு ராணி சும்மா பெட்டியில் இருக்கட்டும்.

டீலர் யார் என்று காட்ட ஒரு வில்லை வேண்டும். அதற்கு ஸ்டிரைக்கர். காயைவிடப் பெரியது, யாரும் காய் என்று ஏமாற முடியாது. அந்தக் காலத்து அமெரிக்காவிலும் இதற்கென்று தனியாகப் பொருள் ஒன்றும் கிடையாது, கையில் கிடைத்ததை வைத்தார்கள். அதற்கு 'பக்' என்று பேர். பொறுப்பை அடுத்தவன் தலையில் தள்ளுவதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் சொலவடை அதில் இருந்து வந்ததுதான். அந்தச் சொலவடையைத் திருப்பித்தான் ட்ரூமன், பொறுப்பு இந்த மேஜையோடு நின்றுவிடும் என்று எழுதித் தன் மேஜையில் வைத்திருந்தார்.

சரி, கேரம் காயும் ஸ்டிரைக்கரும் எடுத்தாயிற்று, போர்டையே மேஜையாக வைத்துக்கொள்ளலாமா? கூடாது. பவுடர் போட்டு வழவழவென்று இருக்கும் பலகையில் சீட்டு விழுந்தால் எடுக்கவே முடியாது, நகத்தால் சுரண்ட வேண்டியிருக்கும். சுரண்டினால் ஓரம் மடியும், ஓரம் மடிந்த சீட்டு எல்லோருக்கும் அடையாளம் தெரிந்த சீட்டு. தரையில் ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டால் போதும். காசினோவில் பச்சைத் துணி போடுவது எதற்கோ அதே வேலையை ஜமக்காளம் செய்கிறது: சீட்டு கொஞ்சம் அமுங்கும், விரல் நுனி அடியில் போகும்.

அடுத்தது மின்விசிறி. போக்கர் பற்றி வெள்ளைக்காரர்கள் எழுதும் எதிலும் இந்தப் பிரச்சினை இருக்காது. மதுரையில் ஏப்ரல் மாத ராத்திரி விசிறி இல்லாமல் ஆறு பேர் ஒரு அறையில் உட்கார முடியுமா? விசிறியை அணைத்தால் வியர்க்கும், வியர்த்த கையில் காகிதச் சீட்டு ஊறி உப்பிவிடும். போட்டால் சீட்டு பறக்கும். மொட்டை மாடிக்குப் போனால் கேட்கவே வேண்டாம், பசுமலைக் காற்று ஒரே வீச்சில் ஐந்து சீட்டையும் திருப்பிக் காட்டிவிட்டுப் போகும். அமெரிக்காவில் 'கார்டு புரொடெக்டர்' என்று ஒன்று விற்கிறார்கள், தன் இரண்டு சீட்டின் மேல் வைத்துக்கொள்ளும் எடை. டீலர் தவறுதலாக அள்ளிக்கொண்டு போகாமல் இருக்க. அங்கே அது பெரும்பாலும் பந்தா. இங்கே அது அத்தியாவசியம்! ஆளுக்கொரு கூழாங்கல் பொறுக்கி வந்தால் தீர்ந்தது. நடுவில் திறந்து வைக்கும் ஐந்து சீட்டுக்கு ஒரு நீளமான மரஸ்கேலைக் குறுக்கே வைத்தால், எண்ணும் தெரியும், பறக்கவும் பறக்காது.

செலவு செய்வது என்றால் ஒரே ஒரு இடத்தில் செய்யலாம்: சீட்டுக்கட்டு. நல்ல பிளாஸ்டிக் சீட்டு வியர்வைக்கு ஊறாது, ஈரத்துணியால் துடைக்கலாம், மடித்தாலும் நிமிர்ந்துவிடும். பின்பக்கம் வேறு வேறு நிறத்தில் இரண்டு கட்டு இருந்தால் ஒன்றைப் போடும்போதே இன்னொன்றைக் கலைக்கலாம். அகலம் 63 மில்லிமீட்டர் என்றால் போக்கர் அளவு, 57 என்றால் பிரிட்ஜ் அளவு. சின்னக் கைக்கு இரண்டாவதே சௌகரியம். தங்கக் கலரில் பளபளவென்று விற்கிறதே அதை மட்டும் வாங்காதீர்கள். விளக்கு வெளிச்சத்தில் கண் கூசும், ஒன்றின் மேல் ஒன்று நிற்காமல் வழுக்கும். கலைக்கிற மெஷினும் வேண்டாம். இரண்டு பாதியாகப் பிரித்துச் சரசரவென்று விரல் நுனியால் கோத்துக் கலைத்தால் ஏழு முறை வேண்டும் என்று 1992-ல் இரண்டு கணித அறிஞர்கள், பேயரும் டயகோனிஸும், கணக்குப் போட்டுக் காட்டினார்கள். நம்மூர் ஆட்கள் கையில் வைத்துக் கொத்துக் கொத்தாகத் தள்ளுவதற்கு ஏழு முறை காணவே காணாது. அதற்குப் பதில் ஐம்பத்திரண்டையும் ஜமக்காளத்தில் குப்புறக் கொட்டி, மாவு பிசைகிற மாதிரி இரண்டு கையாலும் ஒரு நிமிஷம் துழாவிவிட்டுச் சேர்த்தால் அருமையாகக் கலந்துவிடும். காசினோக்களிலும் இதைச் செய்கிறார்கள். அடிச்சீட்டு தெரியாமல் இருக்கக் கட்டுக்குக் கீழே ஒரு விசிட்டிங் கார்டு. பிரிட்ஜ் சீட்டும் அதுவும் அளவில் ஏறக்குறைய ஒன்றுதான்.

இப்போது பாக்கி வைத்த காரணம்.

சிப் எதற்காக வந்தது? மேஜையில் பணம் இருந்தால் மனிதனுக்குக் கை நடுங்கும். ஐந்நூறு ரூபாய் நோட்டை நடுவில் வைக்கும்போது வீட்டு வாடகை ஞாபகம் வரும். அதையே ஒரு கறுப்பு வில்லையாக மாற்றிக் கொடுத்துவிட்டால் ஞாபகம் வராது. காசினோக்காரனுக்கு சிப் கணக்கு வைக்கிற சௌகரியம் மட்டும் இல்லை, பணத்தின் முகத்தை மறைக்கிற திரையும்தான். பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பணக்காரர்கள் சீனாவின் கான்டன் நகரில் இருந்து முத்துச்சிப்பியில் மீன் மாதிரி செதுக்கிய காய்களை வரவழைத்துச் சூதாடினார்கள். பார்க்க அவ்வளவு அழகு. தோற்றது சொத்து.

செல்போன் வந்ததும் அந்த வில்லையும் போய்விட்டது. திரையில் ஒரு எண். எண் குறைந்தால் ஒரு பட்டனைத் தட்டி ஏற்றிக்கொள்ளலாம், ராத்திரி இரண்டு மணிக்கும். ஆன்லைன் ரம்மியில் பணத்தைத் தொலைத்துவிட்டுத் தற்கொலை செய்துகொண்டவர்களைப் பற்றித் தமிழ்ப் பத்திரிகைகளில் வந்த செய்திகளை யாரும் மறந்திருக்க முடியாது. 2022-ல் நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டார்கள். 2023 ஏப்ரலில் மாநிலச் சட்டம் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மியும் போக்கரும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று சொன்ன பகுதியை மட்டும் எடுத்துவிட்டது. கடைசியில் 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்கள் எல்லாவற்றையும் தடை செய்து நாடாளுமன்றமே சட்டம் போட்டது. திறமையா அதிர்ஷ்டமா என்ற வழக்காடல் இருக்கட்டும். செத்தவர்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம்?

அதனால்தான் இன்றைக்குப் பையன் வீட்டில் சீட்டுக்கட்டை எடுத்தாலே அம்மாவுக்கு வயிற்றைக் கலக்குகிறது. அதில் தப்பே இல்லை. அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல அலுமினியப் பெட்டியால் முடியாது. ஐந்தே முக்கால் கிலோ சாமானை வாங்கி வைத்தவனுக்குச் சும்மா இருக்க மனசு வருமா? "மாப்ள, ஒரு சிப் ஒரு ரூபான்னு வச்சுக்குவோம், சும்மா ஒரு இதுக்கு" என்று இரண்டாவது வாரமே யாராவது ஆரம்பிப்பான். நாலாவது வாரம் பத்து ரூபாய். புளியங்கொட்டையை நடுவில் தள்ளிக்கொண்டு அந்தப் பேச்சை எடுத்தால் சிரிப்பார்கள். கொட்டை கொட்டையாகவே இருக்கும், பணத்துக்கு வேஷம் போடாது. தீர்ந்தால் தீர்ந்ததுதான், ரீசார்ஜ் கிடையாது.

சாமானை மாற்றினால் விளையாட்டின் குணமே மாறும் என்பது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. 1906-ல் அமெரிக்காவில் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி 'ரூக்' என்று ஒரு சீட்டுக்கட்டு போட்டது. ராஜா ராணி கிடையாது, இஸ்பேடு ஆட்டின் கிடையாது, வெறும் நிறமும் எண்ணும். சீட்டு என்றாலே சூது, சூது என்றாலே பாவம் என்றிருந்த கிறிஸ்தவ வீடுகளில் அது உள்ளே நுழைந்தது. பின்னால் கோரிப்பாளையம் போய்ச் சேர்ந்த அமெரிக்கன் கல்லூரி 1881-ல் கல்லூரியாகத் தொடங்கியது இதே பசுமலையில்தான். அதை நடத்திய மிஷன்காரர்களும் அந்த மாதிரி வீடுகளில் பிறந்து வளர்ந்தவர்கள்தான்.

சட்டமும் சாமானைத்தான் பார்க்கிறது. 1930-ஆம் வருஷத்துச் சூதாட்டச் சட்டத்தில் சீட்டு, பகடை, மேஜை போன்றவற்றை வைத்து, அவற்றுக்கோ இடத்துக்கோ காசு வாங்கி லாபம் பார்க்கிற இடம் சூதாட்ட விடுதி. 1967-ல் உச்ச நீதிமன்றம் செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது, மூணு சீட்டு அப்படி இல்லை என்று சொன்னது. கிளப்புகள் சீட்டுக்கட்டுக்காகக் கொஞ்சம் காசு வாங்குவதை லாபம் என்று சொல்லிவிட முடியாது என்றும் சொன்னது. கிளப்பின் கதை கிளப்போடு. வீட்டில் ஆடுகிறவர்கள் கட்டு வாங்கிய காசை வசூல் பண்ணுகிறேன் என்று ஆளுக்குப் பத்து ரூபாய் கேட்கும் பழக்கத்தைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

பணம் இல்லாமல் போக்கர் போக்கரே இல்லை, எல்லோரும் முதல் ஆட்டத்திலேயே மொத்தத்தையும் தள்ளிவிடுவார்கள் என்று ஒரு கட்சி உண்டு. பாதி உண்மை. விளையாட்டுக் கொட்டைதானே என்று முதல் நாள் அப்படித்தான் நடக்கும். தள்ளினவன் தோற்று, மீதி ஐந்து பேர் இரண்டு மணி நேரம் ஆடுவதைச் சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மறுபடி கொட்டை கொடுக்கக் கூடாது, அதில் கறாராக இருக்க வேண்டும். காலண்டர் அட்டையில் பேர் எழுதி வாரா வாரம் யார் எத்தனையாவதாக வந்தார்கள் என்று குறித்து வைத்தால், ஒரு மாதத்தில் ஒரு கொட்டையை முன்னால் நகர்த்த ஒவ்வொருவனும் எவ்வளவு நேரம் யோசிக்கிறான் என்று பார்க்க வேண்டும்! முதலில் வெளியேறுகிறவன் எல்லோருக்கும் டீ போட வேண்டும் என்ற விதியும் சேர்ந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

ஆட்டம் முடிந்ததும் கொட்டையை எண்ணித்தான் பாட்டிலில் போட வேண்டும், பத்துப் பத்தாகப் பதினெட்டுக் குவியல். எப்போதும் ஒன்று குறையும். ஜமக்காளத்தை உதறி, சட்டைப் பைகளைச் சோதித்து, ஒருத்தன் மேல் ஒருத்தன் சந்தேகப்பட்டு, கடைசியில் கிடைக்காது. காலையில் யாராவது புளி டப்பாவில் இருந்து ஒன்றை எடுத்து வாசல் படியில் உட்கார்ந்து தேய்க்க வேண்டியதுதான்.